கட்டிலுக்கும் கேமராவுக்கும் நடுவில்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று மறுபடி வேலைக்குப் போனேன். என் இருக்கையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீங்க மாவு கலக்குற பக்கம் இருங்கம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா?

பொய்ப்பல் கட்டும் எங்கள் கூடத்தில் நெருப்பு இல்லாத வேலை அது ஒன்றுதான். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் எடுத்து வைக்க வேண்டும். வந்த புதிதில் எல்லோரும் செய்வது. நான் மெழுகு வேலைக்காரி. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, மெழுகை உருக்கி, பல்லை வரிசையாக நிறுத்தி ஈறு இழைப்பேன். போன வாரம் அந்த விளக்கின் மேலேயே விழுந்தேனாம். பக்கத்து மேஜை அண்ணன் ஈரத்துணியைப் போட்டு அணைத்தாராம். இடது புருவத்தில் தையல். எனக்கு நினைவிருப்பதெல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லைக் கையில் எடுத்தது, அதற்குப் பிறகு கூரை.

எல்லோரும் இன்று என்னிடம் அளவுக்கு மீறி இனிமையாகப் பேசினார்கள். அதை வைத்துத்தான் வலிப்பு எவ்வளவு மோசமாக வந்தது என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். இந்த முறை அண்ணன் தன் டீயை எனக்குக் கொடுத்துவிட்டார். அப்படியானால் ரொம்ப மோசம்.

பிப்ரவரி 6, வியாழன்

நாக்கு இன்னும் வீங்கியிருக்கிறது. குடிக்கத்தான் முடிகிறது. பேசச் சலிப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பல வருடமாகிறது. நான் உள்ளே போனால் அத்தை வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

சோப்புப் போட்டு முடிப்பதற்குள் மறுபடி, "இருக்கியா?"

"எங்க அத்தை போயிடப் போறேன், ஜன்னல் வழியாவா?"

"வாய் இருக்கு. அப்ப சரி."

அத்தை என்றால் என் வீட்டுக்காரருடைய அம்மா. கல்யாணமான இரண்டாம் வருடம் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், வந்த இடத்தில் எனக்கு வலிப்பு வந்ததைப் பார்த்தார். திரும்பிப் போகவேயில்லை. அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தவர். நாலு வரிசை தள்ளி நிற்பவனுக்கும் கேட்கிற குரல். கைப்பையில் எப்போதும் ஒரு பருத்திப் போர்வை மடித்து வைத்திருப்பார். நான் எங்கே விழுந்தாலும் – வங்கி வரிசை, பஸ் நிறுத்தம், யாரோ வீட்டுக் கல்யாணம் – கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டு, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன வேடிக்கை? போங்க, போய் வேலையப் பாருங்க" என்று கூட்டத்தை விரட்டுவார். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். நான் அங்கே இருந்ததில்லையே.

நல்லவர்தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது. நான் தூங்கினால் பார்க்கிறார், எழுந்தால் பார்க்கிறார், கரண்டி கீழே விழுந்தால் ஓடிவருகிறார். வீட்டில் யாரும் இல்லாமல் ஒரே ஒரு பொழுது நான் மட்டும் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் பெரிய படிப்பெல்லாம் பேசமாட்டார். இன்று நேராகவே சொன்னார்.

"மாத்திரை எல்லாம் மாத்தி மாத்திப் பாத்தாச்சு. இனிமே அத மட்டும் நம்ப முடியாது. போன வருஷம் வந்தது ஊசி போட்டும் நிக்கல, ஞாபகம் இருக்கா? இன்னொரு தடவ அப்படி வந்தா நிக்காமலே போகலாம்."

எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? அத்தைக்கு இருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வலிப்பு மூளையில் ஒரே இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்றால், அந்த இடத்தை அறுத்து எடுத்துவிடலாமாம். பல இடமென்றால் முடியாது. அதைக் கண்டுபிடிக்க வலிப்பு வரும்போதே பிடிக்க வேண்டும். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, தலை முழுக்க ஒயர் ஒட்டி, எதிரே கேமரா வைத்து, மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

"வராம இருக்க மருந்து கேட்டு வந்தா, வரவைக்கிறதுக்கு மருந்த நிறுத்துறேங்கறீங்களே டாக்டர்!" என்றார் அத்தை.

"ஒரு தடவ வரட்டும்மா. நாங்க எல்லாரும் பக்கத்துலயே இருப்போம்."

"எங்க வீட்டுல அது ஒரு தடவையோட போனதில்ல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரியாயிட்டா முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். அத்தை பக்கத்தில் இருந்தார். மெழுகு வேலைக்குத் திரும்பணும் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, "தலையிலயா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

பிப்ரவரி 24, திங்கள்

சேர்ந்தாயிற்று. பெண்கள் பகுதியில் ஆண்கள் தங்கக்கூடாதாம். அம்மாவைக் கூப்பிட்டுப் பயனில்லை. எனக்கு வலிப்பு வருவதைப் பார்த்தால் அவளுக்கு மயக்கம் வரும், பிறகு யாரை யார் தூக்குவது? ஆக, அத்தைதான். இங்கேயும்.

ஒயர் ஒட்டுகிற பெண் சின்னவள், சுறுசுறுப்பு. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தேய்த்து, பசை வைத்து, ஒவ்வொரு ஒயராக ஒட்டினாள். அந்தப் பசை எங்கள் கூடத்து வாசனை. கண்ணை மூடினால் வேலையில் இருப்பது போல இருந்தது. எல்லாம் முடிந்து கண்ணாடியில் பார்த்தேன். துணி சுற்றிய தலையிலிருந்து ஒரு கட்டு ஒயர் பின்னல் மாதிரி தொங்குகிறது. இவ்வளவு நீளப் பின்னல் எனக்கு ஜென்மத்தில் இருந்ததில்லை.

பிறகு அத்தைக்குப் பாடம் நடந்தது. வலிப்பு ஆரம்பித்த உடனே இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். போர்வையை எடுத்துவிட வேண்டும், கைகால் எல்லாம் கேமராவுக்குத் தெரிய வேண்டும். நடுவில் நிற்கக்கூடாது. தொடக்கூடாது, திருப்பிப் படுக்க வைப்பதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். பேர் கேட்க வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும், எதையாவது காட்டி 'இது என்ன' என்று கேட்க வேண்டும்.

"புரிஞ்சுதாம்மா?"

"இதுல புரியாம இருக்க என்ன இருக்கு?" என்றார் அத்தை, கவுண்டர் குரலில். "பொத்தான், போர்வை, தள்ளி நிக்கணும்."

பிப்ரவரி 25, செவ்வாய்

வரவில்லை.

பிப்ரவரி 26, புதன்

வரவில்லை. மாத்திரை பாதியாகிவிட்டது. தூங்கவும் விடமாட்டேன் என்கிறார்கள், தூக்கம் கெட்டால் சீக்கிரம் வருமாம். அத்தை எனக்குத் துணையாக விழித்திருந்து, அந்தக் காலத்தில் சில்லறை இல்லாமல் வந்தவர்களைத் திட்டிய கதையெல்லாம் சொன்னார்.

"கூப்பிடாத எடத்துக்கெல்லாம் முதல் ஆளா வந்து நிக்கும். இப்ப வெத்தல பாக்கு வைக்காத குறையா கூப்பிடுறோம், வருதா பாரு!"

வலிப்புக்காகக் காத்திருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. வந்தால் அடி, வராவிட்டால் ஏமாற்றம். கண்ணெல்லாம் எரிகிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று வந்தது. போயும் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் தெரியாது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலித்தது, வாயில் ரத்த ருசி. அப்பாடா என்று இருந்தது – வந்துவிட்டதே! ஒயர்காரப் பெண்ணைப் பார்த்தேன். அவள் முகம் சரியில்லை.

கேமராவில் தெரிவது அத்தையின் முதுகு. அதன் பிறகு போர்வை. பொத்தானை அழுத்தவே இல்லை. ஓடிவந்து, என்னைக் கழுத்து வரை போர்த்தி, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தூக்கியதில் பாதி ஒயர் பிய்ந்துவிட்டது. ஒயர் வரையும் கோடும் இல்லை, கேமராப் படமும் இல்லை. கூட்டமே இல்லாத அறையில், "என்ன வேடிக்கை? போங்க!" என்று நர்ஸைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அந்தச் சத்தம் மட்டும் நன்றாகப் பதிவாகியிருக்கிறதாம்.

டாக்டரம்மா திட்டவில்லை. இன்னொருவருக்கு இந்தக் கட்டில் தேவைப்படுகிறது, அதிகபட்சம் திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நாக்கு கிழிந்த வாயோடு கத்தினேன். "உங்களுக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்கங்கிறதுதான் அத்தை முக்கியம்! நான் செத்தாக்கூட முதல்ல போத்தித்தான் வைப்பீங்க!"

அத்தை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் அதைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்த நேரத்துல நீ எப்படி இருப்பேன்னு உனக்குத் தெரியாது. துணியெல்லாம் நனைஞ்சிடும். முகம் உன் முகமாவே இருக்காது. ஒருத்தன் பாத்தா நாலு பேர்கிட்ட சொல்வான். சுத்திச் சுத்திக் கடைசியில உன் காதுக்கு வரும். அது வேணாம்னுதான் போத்துறேன். ஊருக்காக இல்ல."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். துணி நனையும் என்று எனக்குத் தெரியாது. கண் விழிக்கும்போதெல்லாம் நான் உலர்ந்த உடையில்தான் இருந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதை யோசிக்கவில்லை நான்.

மார்ச் 1, சனி

மாத்திரையை முழுக்க நிறுத்திவிட்டார்கள். கையில் ஊசிக் குழாய் தயாராகப் போட்டிருக்கிறார்கள். புது ஒயர், புதுப் பசை. அத்தையை மாற்றி வேறு யாரையாவது வைத்துக்கொள்கிறீர்களா என்று ஒயர்காரப் பெண் மெதுவாகக் கேட்டாள். வேண்டாம், அவரே இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நாங்கள் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச் 5, புதன்

எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வலிப்பு வந்தது. அடுத்தடுத்து. நடுவில் எனக்கு நினைவே திரும்பவில்லையாம். ஊசி போட்டு நிறுத்தி, வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தோள்பட்டை ஒரு பக்கம் தூக்க முடியவில்லை.

முழுசாகப் பதிவாகியிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். டாக்டரம்மா யோசித்தார். "எதுக்கும்மா? பாத்தவங்க நிறையப் பேர் அழுதுருக்காங்க." நான் விடவில்லை. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கூடப் பார்த்திருக்கிறார். நான் மட்டும்தான் பாக்கி.

பார்த்தேன்.

முதலில் நான் ஏதோ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு இடது கை விரல்கள் மட்டும் தனியாக எதையோ தேடுகின்றன. இடது பக்க வாய் இழுக்கிறது. கழுத்து அந்தப் பக்கமாகத் திரும்புகிறது, யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்புறம் ஒரு சத்தம். அது மனுஷச் சத்தமே இல்லை. என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமா? அதன் பிறகு நடந்ததை எழுதப்போவதில்லை. அத்தை சொன்னது சரி, அது என் முகமாக இல்லை. துணி நனைந்ததும் தெரிகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவ்வளவு கஷ்டப்படுகிறாளே இந்தப் பெண் என்று யார் மேலோ இரக்கப்படுவது போலத்தான் இருந்தது.

ஆனால் அத்தையைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. பொத்தானை அழுத்துகிறார். போர்வையை ஒரே இழுப்பில் இழுத்துத் தரையில் போடுகிறார். ஓரமாகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறார். எழுந்துவிடாமல் இருக்க. கவுண்டர் குரல், பிசிறில்லை: "உன் பேர் என்ன? கையத் தூக்கு. இங்க பாரு, இது என்ன?" கையில் ஒன்றும் இல்லை. கைதான் அடியில் மாட்டியிருக்கிறதே! இருந்தாலும் கேட்கிறார். "இது என்ன? சொல்லு, இது என்ன?" கன்னமெல்லாம் நனைந்திருக்கிறது, துடைக்கவில்லை. நர்ஸ்கள் ஓடிவருகிறார்கள், ஊசி போடுகிறார்கள், இரண்டாவதும் வருகிறது. அத்தை அசையவே இல்லை. எல்லாம் அடங்கி நெடுநேரம் கழித்து ஒயர்காரப் பெண் தோளைத் தொட்டு, "எழுந்துக்கோங்கம்மா, முடிஞ்சிடுச்சு" என்கிற வரைக்கும்.

வார்டுக்கு வந்தேன். அத்தை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ம்." ஒரு சுளையை நீட்டினார். "கொட்டையத் துப்பிடு, முழுங்காத."

மார்ச் 20, வியாழன்

வலது பக்கத்தில் ஒரே இடம். சின்னத் தழும்பாம், சின்ன வயதிலிருந்தே இருக்கலாமாம். எடுக்கலாம் என்று எல்லா டாக்டர்களும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. இடது கை கொஞ்ச நாள் மந்தமாகலாம். வேறு ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ சொல்றதுதான்."

பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரே வயிற்றுப்போக்கு. பயந்தாங்கொள்ளிதான் நான்.

மே 6, செவ்வாய்

நாளைக்கு. தலையை ஒரு பக்கம் மழித்துவிட்டார்கள். "முழுக்க எடுத்துருந்தா எடுப்பா இருந்திருக்கும்" என்கிறார் அவர். இத்தனை நாளில் அவர் அடித்த ஒரே ஜோக்.

மே 19, திங்கள்

உயிரோடு இருக்கிறேன். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி போகிறது. தலை வலிக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் இடது விரல்கள் மரத்துப்போயின. அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தையும் பார்த்துவிட்டார், ஓடிவந்தார். இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. கையை மடக்கித் தூங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மாத்திரை தொடர்கிறது. களைப்பும்தான். நன்றாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. இன்னும் சொல்லாதீர்கள்.

ஜூலை 17, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனோம். இதுவரை வரவில்லை என்பது நல்ல அறிகுறி என்றார். "வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா தனியா விட்டுப் பழகுங்க" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதியம் அவர் வேலையில் இருந்தார். அத்தை திடீரென்று முகம் கழுவிக்கொண்டு, கைப்பையை எடுத்து, "கடைக்குப் போயிட்டு வரேன். நூல் வாங்கணும். நேரமாகும்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்தால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். செருப்பைத் தேடினார், கதவைத் திறந்தார், திரும்பி அடுப்பைப் பார்த்தார், போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

வீட்டில் நான் மட்டும்.

என்னென்னவோ செய்யலாம் என்று வருடக்கணக்காக நினைத்து வைத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வோர் அறையாகப் போய் நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் ஓசை கேட்டது. இவ்வளவு சத்தம் போடுமா அது? கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? இடது கையை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். பிறகு பார்க்க மறந்துபோனேன். ஒரு கரண்டியை வேண்டுமென்றே கீழே போட்டேன். யாரும் ஓடிவரவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

காற்று வரட்டும் என்று ஜன்னல் பக்கம் போனேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தார்.

பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. கண்டக்டர் ஏதோ கேட்டார், அத்தை இல்லை என்று கையை ஆட்டினார். பஸ் நகர்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறைத்துக்கொண்டிருந்த மரக்கிளைக்கு அடியில் குனிந்து, எங்கள் ஜன்னலைத் தேடினார். வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. குடை கொண்டு போகவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் இந்த அம்மாளை என்ன செய்வது என்று தோன்றியது. கூப்பிட்டால் அடுத்த நிமிஷம் மேலே வந்துவிடுவார். அதற்காகத்தான் நிற்கிறார்.

நான் கூப்பிடவில்லை. அவர் கண்ணில் படாமல் பின்னால் நகர்ந்து, திரும்பவும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தபோது முகம் சிவந்து வேர்த்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"கடையில ஒரே கூட்டம்."

"நூல் வாங்குனீங்களா?"

"கேட்ட கலர் கெடைக்கல."

"அப்படியா? நாளைக்கும் போய்ப் பாருங்க அத்தை. குடைய எடுத்துட்டுப் போங்க."

அத்தை டம்ளரைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார்.

"ஆமா," என்றார். "நாளைக்கும் போகணும்."